இரவல் நாக்கு

தேத்தண்ணியைச் சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் வைத்துப் புரட்டி, பிறகு சட்டிக்குள் துப்பு என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குக் கோபந்தான் வந்தது. நான் பெரியகல்லாற்றில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை ஒருத்தி சாப்பிடும்போது சப்புக்கொட்டினாலே அம்மா முறைப்பார். குடிக்கத் தந்ததைத் துப்பினால் கேட்கவே வேண்டாம். “உங்களுக்கென்ன விசரா?” என்று கேட்டேன். வழக்கமாக என் வாய்க்கு எதிர்வாய் கொடுக்கிற மனிதர் அன்றைக்குக் குசினி அடுப்படிப் பலகையில் குந்தியிருந்து, முன்னால் வைத்திருந்த மூன்று கோப்பைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு விளங்கியது.

அறுபதுகளின் நடுப்பகுதி. புளியந்தீவில் ஒரு தேயிலைக் கடையில் அவருக்கு வேலை. முதலாளி காத்தான்குடிக்காரர். மலைநாட்டுத் தேயிலையைக் கொழும்பில் ஓர் ஏஜென்ட் மூலம் எடுத்து, இரண்டு மூன்று வகையைக் கலந்து, பக்கட் கட்டி, ஏறாவூர் தொடங்கிக் கல்லாறு வரைக்கும், வாவிக்கு அந்தப் பக்கம் உன்னிச்சை வரைக்கும் அனுப்புவார். எந்தத் தேயிலையை எடுப்பது, எதை விடுவது என்று சொல்வது என் வீட்டுக்காரரின் வேலை. கலியாணத்துக்கு முன் அவர் கொழும்பில் தேயிலை ருசி பார்க்கிற ஓரிடத்தில் சில வருஷம் இருந்தவர். ரயிலில் சின்னச் சின்னப் பொட்டலமாகச் சாம்பிள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி, அதில் இங்கிலீஷில் அந்தத் தேயிலையின் ருசி எழுதியிருக்கும். எழுதியது உண்மையா, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சரிவருமா என்று இவர் உறிஞ்சிப் பார்த்துச் சொல்வார். கடையில் வேறு ஒருவருக்கும் அந்த நாக்கு இல்லை. முதலாளி அதை நாலு பேருக்கு முன்னால் சொல்லிப் பெருமைப்படுவார். அப்படிச் சொன்ன நாட்களில் இவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். “துரை வந்திட்டார், கதிரையத் தொடைச்சுப் போடுங்க” என்று நான் சுவருக்குச் சொல்வேன்.

அந்த வருஷம் மாசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று கிழமை பாயோடு பாயாகக் கிடந்தார். எழும்பி உட்கார்ந்த முதல் நாள் கஞ்சி கொடுத்தேன். உப்பில்லை என்றார். போட்டேன். இன்னும் இல்லை என்றார். மறுபடியும் போட்டேன். எனக்குச் சினம் வந்துவிட்டது, நோயாளி என்றால் இப்படியும் ஆட்டி வைப்பதா என்று. அவர் தள்ளாடி எழும்பி வந்து உப்புச் சிரட்டையில் கைவிட்டு ஒரு பிடியை வாய்க்குள் போட்டார். போட்டுவிட்டு அப்படியே நின்றார். “மணலத் திண்ட மாதிரி இரிக்கு” என்றார். புளியை எடுத்து நக்கிப் பார்த்தார். மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

டொக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. போன ருசியும் மணமும் சில பேருக்குச் சில மாதத்தில் திரும்ப வரும், சில பேருக்கு வராமலே போகும், இதற்கென்று மருந்து கிடையாது என்றார். நான் விடுவேனா? இஞ்சி, மிளகு, கற்பூரவள்ளி என்று கண்டதையும் அவித்துக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். புளியந்தீவு மாதா கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்தினேன். அவர் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் குடித்தார். கசக்கிற கசாயத்தை ஒரு மனிதன் முகம் சுளிக்காமல் குடிப்பதைப் பார்க்க ஏலாமல் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத” என்றார். “கை முறிஞ்சா கட்டுப் போடலாம். இதுக்கு என்னத்தக் கட்டுற? எனக்குத் தெரிஞ்ச தொழில் இது ஒண்டுதான்.”

முதலாளியிடம் அவர் ஒரு கதை சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு கடையில் அடிக்கிற கருவாட்டு மணமும் ஏலக்காய் மணமும் மூக்கைக் குழப்புகிறது, சாம்பிளை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று. முதலாளி “அதுக்கென்ன தம்பி” என்று விட்டுவிட்டார். இப்படித்தான் நகை நிறுக்கிற அளவிலான சின்னத் தராசும், மூடி வைத்த வெள்ளைக் கோப்பைகளும், பொட்டலங்களும் என் குசினிக்கு வந்தன. இப்படித்தான் என் நாக்கை அவர் இரவல் எடுத்தார்.

முதலில் போனது என் வெற்றிலை. வெற்றிலை போட்ட வாயால் தேயிலை பார்க்க ஏலாதாம். “அப்ப நீங்களே பாருங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாயைப் பற்றி ஊரில் நல்ல பேர் கிடையாது, ஆனாலும் அன்றைக்குப் போல நான் வெட்கப்பட்டதில்லை. வெற்றிலைத் தட்டத்தைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

துண்டுக் கடதாசியில் இருக்கிற சொற்கள் எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக வாசித்துப் பொருள் சொல்வார். ஒன்றுக்கு உடம்பு என்று பொருளாம். தேத்தண்ணிக்கு என்ன உடம்பு, கையும் காலுமா இருக்கிறது என்று கேட்டேன். “வாய்க்குள்ள பாரமா நிக்குதா, தண்ணி போல ஓடிப் போகுதா, அதுதான்” என்றார். அது எனக்கு உடனே விளங்கியது. கட்டித் தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கும் மூன்றாம் பால் சொதிக்கும் உள்ள வித்தியாசம். “மோல்ட்” என்று ஒன்று. அதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஏதோ தானியத்தை முளைக்க வைத்து வறுத்தால் வருகிற மணமாம். நான் கோப்பையை மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். “நெல்லு அவிக்கக்குள்ள அண்டாவால ஒரு ஆவி வருமே, அதுவா?” என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தார். “ஓம், அதுதான், அதுதான்” என்றார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதைக் காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்று “பிறிஸ்க்”. நல்ல தேயிலைக்கு அது கட்டாயம் இருக்க வேண்டுமாம். துவர்ப்பா என்றால் துவர்ப்பு மட்டுமில்லை. உறைப்பா என்றால் அதுவுமில்லை. அவர் கையை மடக்கி விரித்து என்னென்னவோ செய்து காட்டினார். கடைசியில், “உயிரோட இரிக்கிற தேத்தண்ணி” என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. எங்கள் அப்பா ஆற்றில் வலை போட்டவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வலையால் அள்ளியவுடன் இறால் கைக்குள் துடிக்கும், கூடைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் கிடந்துவிடும். துடிக்கிற தேத்தண்ணி, கிடக்கிற தேத்தண்ணி என்று நான் பிரித்துக்கொண்டேன். துடிக்கிறது என்றால் அவர் பிறிஸ்க் என்று எழுதுவார். கிடக்கிறது என்றால் செத்தது என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் சொல்லை எழுதுவார். பேக்கரிப் பாண் கருகின மணம், ஈர விறகுப் புகை, பச்சை இலை கசக்கின வாசம் என்று நான் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது. சொல் எல்லாம் அவரிடம், ருசி எல்லாம் என்னிடம்.

ஆறு மாதம் ஓடியது. ஒரு பிழையும் வரவில்லை. நான் உறிஞ்சும்போது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைத் தாங்க ஏலாது. பசித்த பிள்ளை பார்க்கிற பார்வை. நான் எவ்வளவு விபரமாகச் சொன்னாலும் “மறுகா? மறுகா?” என்று மேலும் மேலும் கேட்டுக்கொண்டேயிருப்பார். எழுதுவதற்குத் தேவையானதை விடக் கூடவே கேட்பார். சில நாள் எனக்கு எரிச்சல் வந்து, “தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரித்தான் இரிக்கு” என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். அவர் எழுதப் போய்விடுவார். என் சமையலுக்கோ ஒரே சொல்தான், நல்லா இரிக்கு. எரிந்த கறிக்கும் நல்லா இரிக்கு, எரியாத கறிக்கும் நல்லா இரிக்கு. முந்தி இதே மனிதர் சொதியில் வெந்தயம் கூடிப்போச்சு என்று என்னோடு சண்டை பிடித்தவர். அந்தச் சண்டை திரும்ப வராதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

இதில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் மாவட்டத்தில் வாவிக்கு இந்தப் பக்கம், கடலோரமாக இருப்பது எழுவான்கரை. அந்தப் பக்கம், வயல் வட்டையும் குளமுமாக இருப்பது படுவான்கரை. எழுவான்கரையில் பல கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், வெயிலில் வற்றினால் இன்னும் கரிக்கும். படுவான்கரையில் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரில் துடிக்கிற தேயிலையை உப்புத் தண்ணீரில் ஊற்றினால் செத்துவிடும். உப்புத் தண்ணீருக்கு ஈடுகொடுக்கிற முரட்டுத் தேயிலையை நல்ல தண்ணீரில் ஊற்றினால் தொண்டையைச் சுரண்டும். அதனால் என் வீட்டுக்காரர் எந்தப் பக்கத்துக்குத் தேயிலை எடுக்கிறாரோ அந்தப் பக்கத்துத் தண்ணீரில்தான் ஊற்றிப் பார்ப்பார். கொழும்பில் யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகக் கண்டுபிடித்தது. முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்ததும் இதற்காகத்தான். கடைக்கு வண்டியில் நல்ல தண்ணீர் வரும். அதில் ஒரு கான் நிரப்பிப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

ஆவணியில் மழை பொய்த்து, வெயில் கொளுத்தியது. தண்ணீர் வண்டி வருவது நின்றுபோனது. வந்த அன்றைக்கும் கடையில் இருப்பவர்கள் குடிக்கவே காணாது. அந்தக் கிழமை பார்த்து, படுவான்கரைக்கு அனுப்புகிற தேயிலைக்கு இரண்டு சாம்பிள் வந்தன. “எங்கட கிணத்துத் தண்ணிய ஒருக்காக் குடிச்சிப் பாரு புள்ள. உப்புத் தட்டுதா?” என்று கேட்டார். அவர் நாக்குச் சரியாக இருந்த காலத்தில் எங்கள் கிணறு பெரிதாக உப்பில்லை, மாரியும் நன்றாகப் பெய்திருந்தது. நான் ஒரு செம்பு அள்ளிக் குடித்தேன். “இல்ல. நல்ல தண்ணிதானே” என்றேன்.

சத்தியமாகத்தான் சொன்னேன். கல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் ஒரு மணல் வரம்பு. அந்த மணலைத் தோண்டி வந்த தண்ணீரைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன். எனக்குத் தண்ணீர் என்றால் அந்த ருசி. அது உப்பு என்று எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அயலில் எல்லாரும் அதையேதான் குடித்தார்கள். ஆறு மாதம் என் நாக்கை நம்பினவர் அன்றைக்கும் நம்பினார்.

முதல் சாம்பிளுக்குக் கொழும்பில் பெரிய புகழ்ச்சி எழுதியிருந்தார்கள். நான் உறிஞ்சினேன். கிடக்கிறது என்றேன். “வடிவாப் பாரு” என்றார். பார்த்தேன். செத்துத்தான் கிடந்தது. இரண்டாவது கறுப்பாக, முரட்டுத்தனமாக இருந்தது, ஆனால் உயிர் இருந்தது. முதலாவதை வேண்டாம் என்றும் இரண்டாவதை எடுக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். முதலாளிக்கு அது ஆச்சரியமாக இருந்ததாம். முதலாவதை அவர் கொழும்புக்குப் போனபோது ஏஜென்டின் இடத்தில் தானே குடித்திருக்கிறார், அவருக்குப் பிடித்துமிருந்தது. ஆனாலும் இவர் சொல்லைத் தட்டவில்லை. இரண்டாவது தேயிலை உன்னிச்சைப் பக்கம் போனது. இரண்டு கிழமைக்குள் அங்கிருந்த கடைக்காரர்கள் எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். தொண்டையைச் சுரண்டுகிறது, இதென்ன மருந்தா என்று கேட்டார்களாம்.

ஒரு முற்பகல் முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்த இரண்டு சாம்பிளும். கதிரையில் இருத்தினோம்.

“கோவிக்கப்படா தம்பி” என்றார். “எனக்கு மனசுல ஒரு சந்தேகம். ரெண்டையும் இப்ப ஊத்துங்க. நானும் குடிச்சிப் பாக்கன்.”

தண்ணீர் வண்டி அன்றைக்கும் வரவில்லை, கிணற்றுத் தண்ணீரைத்தான் கேத்திலில் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். இவர் தேயிலையை நிறுத்தார், தராசுத் தட்டு ஆடிக்கொண்டேயிருந்தது. இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் முன்னமே பேசி வைத்திருந்தோம். வந்தவருக்குப் பின்னால் குசினி வாசலில் நான் நிற்க வேண்டும். ஓம் என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவேன், இல்லை என்றால் இரண்டு பக்கமும். கொண்டுபோய் வைப்பதற்கு முன் குசினியில் இரண்டையும் ஒரு வாய் பார்த்துக்கொண்டேன். முன்பு சொன்னது மாதிரியேதான் இருந்தது. பயம் கொஞ்சம் குறைந்தது.

முதலாளி முதல் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். வைத்தார். இரண்டாவதைக் குடித்தார். அதையும் வைத்தார். இவர் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில், “தம்பி, இந்தத் தண்ணியில உப்புத் தட்டுதா?” என்று கேட்டார்.

இவர் கோப்பையைத் தூக்கி உறிஞ்சினார். எவ்வளவு முறையாக உறிஞ்சினார் தெரியுமா? வாய்க்குள் புரட்டினார். புரட்டிக்கொண்டே முதலாளியின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

நான் பொய் சொல்லத் தயாராகத்தான் நின்றேன். அந்த இடத்தில் அவரைக் காப்பாற்றும் என்றால் எந்தப் பொய்யும் சொல்லியிருப்பேன். ஆனால் எது பொய், எது உண்மை என்று எனக்குத் தெரிந்தால்தானே? இல்லாத உப்பை இருக்கிறதா என்று கேட்டு முதலாளி இவரைச் சோதிக்கிறார் என்றால், ஓம் என்றவுடன் பிடிபட்டுப் போவார். அப்படித்தான் என் புத்தி ஓடியது. வாயில் இன்னும் அந்தத் தேத்தண்ணியின் ருசி இருந்தது. அதற்குள் உப்பைத் தேடினேன். இல்லை. நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

“இல்ல முதலாளி” என்றார் இவர். “உப்பு ஒரு சொட்டும் இல்ல.” காய்ச்சலுக்கு முந்தின அந்தப் பழைய குரல், நெஞ்சு நிமிர்ந்த குரல்.

முதலாளி தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். “கரிக்கிது தம்பி” என்றார். “வாயில வைக்க ஏலாமக் கரிக்கிது.”

இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எப்ப இருந்து?” என்று முதலாளி கேட்டார்.

“மாசிக் காய்ச்சலோட.”

முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், பேச எனக்கு வராதா? இறைவன் தந்ததுதான், தந்தவன் எடுத்தால் மனிசன் என்ன செய்வது என்றார். நாளைக்கு வாங்க, பக்கட் கட்டுகிற இடத்தில் வேலை தருகிறேன், தேயிலை பார்க்க வேறு ஆள் தேடுகிறேன் என்றார். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். என் பக்கம் திரும்பவேயில்லை. குசினி வாசலில் ஒருத்தி நின்றதை அவர் கண்டாரோ இல்லையோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் கோப்பைகளைக் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன். அவர் குசினிக்குள் வந்து பலகையில் குந்தினார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏச வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“உண்மையாவே உனக்கு உப்புத் தெரியல்லயா?” என்று மட்டும் கேட்டார்.

நான் கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு அள்ளிவந்து, அவருக்கு முன்னால் நின்று மடமடவென்று குடித்தேன். கரிக்காதா, ஒரு துளியாவது கரிக்காதா என்று குடித்தேன். “இல்ல” என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவர் எழும்பி வந்து செம்பை என் கையிலிருந்து வாங்கினார். மிச்சத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும் தெரியல்ல” என்றார்.